இவன் என் தம்பி இல்லை

அன்புள்ள மகனுக்கு,

உபயக்ஷேமம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. முப்பது வருஷம் கிராம முன்சீப் வேலை பார்த்தவனுக்குக் காகிதத்தைக் கண்டால் முதல் வரி யோசிக்காமலே வந்துவிடும். இந்தக் கடிதத்துக்கு அது பொருந்தாது, அதனால் விட்டுவிட்டேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தா.பழூரில் பெண் வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள், அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதில் அப்பா என்ற இடத்தில் பெரியப்பாவாகிய என் பெயரையே போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். "ரங்கூனிலிருந்து வரும் வழியில் காலமான என்று ஒரு பெயரைப் போட்டுக் கல்யாணக் காகிதத்தில் துக்கத்தைக் கலப்பானேன்? எனக்கு நினைவு தெரிந்து அப்பா என்றால் நீங்கள்தான்" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். நீ அதை அச்சுக்குக் கொடுக்கும் முன், உன்னைப் பெற்றவனுக்கு நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு யார் பெயரைப் போடுவது என்று நீயே முடிவு செய்துகொள்.

நீ காலேஜில் தத்துவம் எடுக்கப்போகிறேன் என்று வந்து நின்றபோது நான் எவ்வளவு குதித்தேன் என்பது உனக்கு மறந்திருக்காது. வக்கீலுக்குப் படி, டாக்டருக்குப் படி, ஒன்றும் முடியாவிட்டால் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தாவாகவாவது உட்கார், மேஜை நாற்காலி உண்மையில் இருக்கிறதா இல்லையா என்று யோசிப்பதற்கு ஒரு படிப்பா என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாய். இன்றைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகமும் கிடைத்துவிட்டது, நல்லது. ஆனால் படிக்கிற காலத்தில் நீ எனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் நான் கட்டி வைத்திருக்கிறேன். ஒன்றில், நமக்குத் தெரியும் என்று நாம் சொல்வதில் எத்தனை நமக்கு உண்மையில் தெரியும் என்று கேட்டிருந்தாய். இன்னொன்றில், ஒரு மனுஷன் முகம் மாறி, உடம்பு மாறி, பாதி நினைவும் போய்விட்டால் அவன் பழைய ஆள்தானா, வேறு ஆளா, எதை வைத்துச் சொல்வது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். நீ விளையாட்டாக எழுதினாயோ, பரீட்சைக்கு எழுதிப் பழகினாயோ, எனக்குத் தெரியாது. நீ புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்த கேள்வியை அதற்கு ஒரு வருஷம் முன்பே ஊர்ச் சாவடியில் நிற்க வைத்து, ஒரு மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லி அனுப்பியவன் நான்.

முதலில் உனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா, என் ஒரே தம்பி, உனக்கு ஐந்து வயசில் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினான். மூன்று வருஷமாக மழை இல்லை, கரிசல் காடு வாய் பிளந்து கிடந்தது, அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்கினாலும் வயிறு நிறையும் என்று போனான். உனக்கு எட்டு வயசாகும்போது ஒரு முறை வந்து ஒரு மாசம் இருந்தான். அவ்வளவுதான், பிறகு வரவில்லை. எனக்கும் உன் பெரியம்மாவுக்கும் குழந்தை இல்லை. நீ என் முதுகில் ஏறி, என் குடையைப் பிடித்துக்கொண்டு, நான் தீர்வை வசூலுக்குப் போகிற ஊரெல்லாம் கூட வந்தாய். எப்போது என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை, ஒரு நாள் என்னை அப்பா என்று கூப்பிட்டாய். உன் அம்மாவை அம்மா என்பாய், என் பெண்டாட்டியைப் பெரியம்மா என்பாய், என்னை மட்டும் அப்பா என்பாய். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் செய்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பர்மாவில் குண்டு விழுந்து, நம் ஜனங்கள் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்து வந்துகொண்டிருந்த வருஷம், நாம் ஆறு மாசம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், அதே வழியில் நடந்து உயிர் பிழைத்து வந்தவர். எலும்பும் தோலுமாக இருந்த அந்த மனுஷர் தனக்கே நடக்க முடியாத நிலைமையில் மாட்டு வண்டி பிடித்து வந்து சொன்னார். அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் பாத்தத மட்டும் சொல்றேன் ஐயா. மலைப்பாதையில வாந்திபேதி கண்டு மூங்கிப் பொதர் ஓரமா விழுந்து கெடந்தாரு. தண்ணி குடுத்தேன், எறங்கல. எங்க கூட்டம் நடந்துருச்சு, நானும் நடந்துட்டேன். மவுத்தானத நான் கண்ணால பாக்கல. ஆனா அந்த எடத்துல விழுந்தவன் எந்திரிச்சு வந்து நான் பாத்ததில்ல." எவ்வளவு யோக்கியமான சாட்சி பார். கண்டதையும் காணாததையும் பிரித்துப் பிரித்து வைத்துவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் நான் வீட்டுக்குள் வந்து, "தம்பி செத்துப் போயிட்டான்" என்றேன். தாலுக்கா ஆபீசிலிருந்து பர்மாவில் இருந்தவர்கள் விவரம் கேட்டு வந்த தாளிலும், வழியில் வாந்திபேதி கண்டு இறந்தார், நேரில் விசாரித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விழுந்து கிடந்தான் என்பதற்கும் இறந்தான் என்பதற்கும் நடுவில் இருந்த தூரத்தை நானே தாண்டினேன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள் என்று எழுதிவந்த கை. நான் எழுதினால் அது நடந்தது என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

பிறகு நடந்தது நீயும் கூட இருந்து பார்த்ததுதான். உடம்பு கிடைக்காத சாவுக்குச் செய்கிற மாதிரி வைக்கோலில் ஆள் உருவம் கட்டி, அவன் விட்டுப்போன வேட்டியைப் போர்த்தி, பாடையில் வைத்துத் தூக்கிப்போனோம். நீ காலேஜிலிருந்து வந்து மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளி வைத்தாய். பதினாறாம் நாள் கருமாதியில் உன் அம்மா கழுத்துத் தாலியை வாங்கினார்கள். அவள் வாய்விட்டு அழவில்லை. "அவரு அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உன் பெரியம்மாவிடம் சொன்னாளாம். அந்த வார்த்தையை அப்போது எனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மறு வருஷம் பங்குனியில் ஒரு நாள் காலை, நான் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருக்கும்போது ஒரு ஆள் வந்து நின்றான். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. முன்பல் நாலும் இல்லை. கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் தீப்பட்ட தோல். கால் ஒன்றை இழுத்து இழுத்து நடந்தான். "அண்ணே" என்றான். யாருய்யா நீ என்றேன். "நான்தாண்ணே. வந்துட்டேன்" என்றான். அவன் பேச்சில் பாதி வேறு பாஷை கலந்திருந்தது. நான் கத்தியைக் கீழே வைத்தேன். என் தம்பியின் முகம் எனக்குத் தெரியும், ஒன்பது வருஷம் முன்பு பார்த்த அந்த முகம். இந்த முகத்தில் அது எங்கேயும் இல்லை. இதை ஊரைக் கூட்டித்தான் தீர்க்க வேண்டும் என்று சாவடிக்கு அழைத்துப்போனேன். வீட்டுக்குள் வா என்று சொல்லவில்லை.

சாவடியில் கர்ணம் இருந்தார், கோயில் குருக்கள் இருந்தார், பெரிய தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் நடுநடுவே இருமிக்கொண்டு பதில் சொன்னான். அப்பன் பெயர் சொன்னான், உன் பெயர் சொன்னான். குலதெய்வம் எது என்றால் விழித்தான். உன் அம்மா பெயரைக் கேட்டபோது, "நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதான். பெண்டாட்டி பெயர் தெரியாத புருஷனா என்று எல்லோரும் சிரித்தார்கள். ஜுரம் வந்து எத்தனையோ மாசம் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் தான் யார் என்றே தெரியாமல் கிடந்ததாகச் சொன்னான். குருக்கள் என்னைத் தனியே கூப்பிட்டார். "அவர்தான்னு நீங்க சொல்லிட்டா வழி இருக்கு. புதுசாப் பொறந்த கொழந்தைக்குச் செய்யற மாதிரி குளிப்பாட்டி, பேர் வெச்சு, அந்தப் பொண்ணுக்கே மறுபடியும் தாலி கட்டச் சொல்லணும். ஆனா மூத்தவர் நீங்க வாயால சொல்லணும். நீங்க சொன்னாத்தான் அவர் உசுரோட இருக்கார்" என்றார். அதாவது ஒருவன் இருக்கிறானா இல்லையா என்பது என் வாயில் இருந்தது. நீ பாடம் நடத்துகிற விஷயம்தான். நீ நடத்துகிற இடத்தில் யாரும் சாவதில்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வீட்டு ஆள் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் என்று நினைத்துக் கேட்டேன். சின்ன வயசில் பெரிய கிணற்றில் நம்மில் யார் விழுந்தது, யார் தூக்கியது? இந்தக் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. தம்பி பத்து வயசில் கிணற்றில் விழுந்ததும், நான் தண்ணீர் இறைக்கிற கவலை வடத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்கியதும், உள்ளங்கைத் தோல் உரிந்ததும், மேலே கவலை ஓட்டிக்கொண்டிருந்த நம் பண்ணையாள் சின்னான் மாட்டை விரட்டி எங்கள் இரண்டு பேரையும் இழுத்ததும். நாற்பது வருஷமாக நான் சொல்லிவந்த கதை. அந்த ஆள் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீதானேண்ணே விழுந்த. நான்தானே எறங்குனேன்" என்றான். சாவடியே கொல்லென்று சிரித்தது. கையை விரித்துக் காட்டினான், கை முழுக்க மூட்டை தூக்கிய தழும்பு, அதில் எது எந்தக் காலத்துத் தழும்பு என்று யார் சொல்வது? பிறகு சாவடிக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, "சின்னான் நிக்கிறான், அவனக் கேளுங்க, அவன்தான் மாட்ட ஓட்டுனான்" என்றான். சேரியிலிருந்து வந்து தள்ளி நின்றுகொண்டிருந்த கூட்டத்தில் சின்னான் இருந்தான். பெரிய தெருக்காரர் ஒருவர், "எங்க வூட்டு ஆளு யாருன்னு சேரியில கேட்டுத்தான் நாங்க தெரிஞ்சுக்கணுமா?" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். கிணற்றுக் கதையும் சின்னான் பெயரும் இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. ரங்கூனில் தம்பியோடு ஒரே அறையில் கிடந்தவனாக இருப்பான், அவன் சொல்லக் கேட்டு அரைகுறையாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். எழுந்து நின்று, "இவன் என் தம்பி இல்லை" என்றேன்.

அவன் சண்டை போடவில்லை. "புள்ள எங்கண்ணே இருக்கான்?" என்று மட்டும் கேட்டான். என் தம்பி மகன் திருச்சி காலேஜில் படிக்கிறான், உனக்கென்ன அதைப் பற்றி என்றேன். சாவடிக்கும் நம் வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு சுவர்தானே. உன் அம்மா அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் உன் பெரியம்மா என்னை மறித்து, "என்னங்க, அவ சொல்றா, இருமுறது அவருதானாம். ஒரு தடவ கண்ணால பாத்துக்கிறேன்னு அழுவுறா" என்றாள். தாலி வாங்கிய பெண்ணை எவனோ ஒருவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிறாயா என்று உறுமினேன். ஒன்பது வருஷம் கழித்து இருமலை வைத்து ஆள் கண்டுபிடிக்கிறாளா என்றும் கேட்டேன். அவனோடு மூன்று கல் தூரம் நடந்தாலே அவன் இருமல் தெரிந்துவிடும், ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு முகம்தான் சாட்சி, கேள்வி பதில்தான் சாட்சி. கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் சொல்வது சாட்சி இல்லை, மரத்தடியில் நிற்கிறவன் சொல்வதும் சாட்சி இல்லை. பிறகு அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினோம்.

நீ கோடை லீவுக்கு வந்தாய். வந்த அன்றைக்கே நான் இந்த விஷயத்தைச் சொன்னேன், ஒரு ஏமாற்றுக்காரன் வந்தான், கேள்வி கேட்டு மடக்கி விரட்டிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நீ கோபப்பட்டு, "செத்துப்போனவர் பேரைச் சொல்லித் திங்க வந்திருக்கான். போலீசுல குடுத்திருக்கணும்ப்பா" என்றாய். எனக்கு மனசு குளிர்ந்தது. உன் மேல் எந்தக் குற்றமும் இல்லை, நீ என்னை நம்பினாய், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் மூன்று வருஷத்தில் உன் அம்மா படுத்த படுக்கையானாள். கடைசி நாளில் உன் பெரியம்மாவிடம், "அக்கா, அவருதான் வந்தாரு. நீங்க யாரும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். நீ அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை. அந்த வார்த்தை என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து, சின்னான் பெண்டாட்டி செத்துப்போனதைப் பதிவில் எழுத நானே சேரிக்குப் போனேன். வழக்கமாக வெட்டியானைக் கேட்டுத்தான் எழுதுவேன், போகமாட்டேன். அவன் குடிசை வாசலில் நின்று, சின்னான், அந்தக் காலத்தில் பெரிய கிணற்றில் யார் விழுந்தது என்று கேட்டேன். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். "நீங்கதான் ஆண்டே. சின்னாண்டேதான வடத்தப் புடிச்சு எறங்குனாரு. மேல வந்ததும் அப்பாருக்குப் பயந்துக்கிட்டு, தம்பிதான் விழுந்தான்னு நீங்க மாத்திச் சொன்னீங்க. அவரு வாயத் தொறக்காம புளியம் விளாறுல அடிய வாங்கிக்கிட்டு நின்னாரு. என்னையும் சொல்லக் கூடாதுன்னீங்க" என்றான். சாவடியில் ஏன் சொல்லவில்லை என்றேன். "கேக்கலீங்களே. கேக்காம வந்து சொன்னா என் முதுகுத் தோலு மிஞ்சியிருக்குமா ஆண்டே?" என்றான். அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

மகனே, நான் பொய் சொன்னது எனக்கு நினைவில்லை என்று எழுதினால் நீ நம்புவாயா? சத்தியமாக நினைவில்லை. நான் இறங்கியதுதான் நினைவிருக்கிறது. வடம் உள்ளங்கையை அறுத்த எரிச்சல்கூட இந்த நிமிஷம் எனக்குத் தெரிகிறது. ஆனால் என் உள்ளங்கையில் ஒரு கீறல் கிடையாது. நாற்பது வருஷமாக அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு தடவைகூட நான் என் கையைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒரு பையன் அடிக்குப் பயந்து சொன்ன பொய் பிறகு அவனுக்கே உண்மையாகி, அவன் தலை நரைத்த பிறகு, அதே பொய்யை அளவுகோலாக வைத்துத் தன் தம்பியை அளந்து தள்ளியிருக்கிறான். தம்பிக்குப் பெண்டாட்டி பெயர் மறந்து போயிருந்தது, எனக்காக வாங்கிய அடி மறக்கவில்லை.

மறுநாளே அரியலூருக்கு வண்டி கட்டினேன். அன்றைக்கு அவன் ரயிலடிப் பக்கம்தான் போனான் என்று யாரோ சொன்னது ஞாபகம் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் காபிக் கடை வைத்திருப்பவரிடம் அடையாளம் சொல்லி விசாரித்தேன். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. "அந்தக் காலிழுக்கிற ஆளா? மூணு நாலு மாசம் இங்கதான் கெடந்தான். திருச்சி வண்டி வந்தா மட்டும் எந்திரிச்சு நிப்பான், மத்த வண்டிக்கெல்லாம் அசைய மாட்டான். ஒரு தடவ ஒரு காலேஜுப் புள்ள எறங்குச்சு. அந்தப் புள்ளைய முன்ன பின்ன பாத்தவன் மாதிரி ஓடிப் போயி பொட்டிய வாங்கித் தலையில வச்சுக்கிட்டான். கூடவே மாட்டு வண்டி நிக்கிற எடம் வரைக்கும் போனான். அது காசு குடுத்துச்சு, வாங்க மாட்டேன்னுட்டான். திரும்பி வந்து இங்க உக்காந்து, நல்லாப் படிக்குதாம்னு சொல்லிச் சிரிச்சான். அன்னிக்குத்தான் அவன் சிரிச்சு நான் பாத்தேன். ஆடி பொறக்கறதுக்குள்ள போயிட்டான். ஆளு யாருன்னு தெரியாததால முனிசிபல்காரங்கதான் எடுத்துப் பொதச்சாங்க" என்றார்.

அந்தக் கோடை லீவுக்கு நீ வந்து இறங்கிய நாளாகத்தான் அது இருக்க வேண்டும். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. அன்றைக்கு மாலைதான் நீ என்னிடம் போலீசில் கொடுத்திருக்க வேண்டும் என்று சொன்னாய். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். உன்னை வதைக்கவேண்டும் என்று எழுதவில்லை. அவன் உன்னைப் பார்த்துவிட்டான், உன் குரலைக் கேட்டுவிட்டான் என்பதை உனக்குச் சொல்ல இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. புதைத்த இடத்தைத் தேடிப் போனேன். மேடும் இல்லை, கல்லும் இல்லை, எல்லா இடமும் ஒரே மாதிரி நெருஞ்சி முளைத்துக் கிடக்கிறது. உனக்குக் காட்டுவதற்குக்கூட ஒரு இடம் இல்லாமல் செய்துவிட்டேன்.

இதைத் தெரிந்துகொண்டு மூன்று வருஷமாகச் சொல்லாமல் இருந்ததும் நான்தான். நீ பரீட்சை எழுதட்டும் என்றேன், பிறகு உத்தியோகம் கிடைக்கட்டும் என்றேன். கல்யாணம் முடியட்டும் என்றுகூட இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நிமிஷம் நினைத்தேன். சாக்குக்கு எனக்குப் பஞ்சமே வந்ததில்லை. உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பா என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டாய், அதனால் இரண்டு வார்த்தை சொல்கிறேன். பிள்ளைகளுக்கு முன்னால் நின்று எனக்குத் தெரியும் என்று சொல்லும்போது, உன்னால் கேட்கப்படாமல் யார் வெளியே நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார். நீ அடிக்கடி சொல்லி ருசி கண்ட கதை எதுவோ அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வரப்போகிற பெண் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தை சொன்னால், நீ செய்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேள். இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததில்லை, ஒரு உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன், அதுவும் என் உயிரை இல்லை.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. போன தை மாசக் கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், உலகத்தில் எதை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம், கண்ணைச் சந்தேகப்படலாம், நினைவைச் சந்தேகப்படலாம், அடுத்தவன் மனசில் என்ன இருக்கிறது என்பது தெரியவே தெரியாது, ஆனால் தன் மனசில் இருப்பது மட்டும் ஒருவனுக்கு நிச்சயமாகத் தெரியும் என்று. அதைத்தான் உங்கள் காலேஜில் அஸ்திவாரமாக வைத்துச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் போலிருக்கிறது. அதை இப்போது மறுபடி எடுத்துப் படித்த பிறகுதான், இதுவரைக்கும் நான் உனக்கு எழுதியது முழு உண்மை இல்லை என்று எனக்குப் புரிந்தது. இதுவரைக்கும் படித்தவன், பாவம், மனுஷன் தெரியாமல் தப்புச் செய்துவிட்டான் என்று நினைக்கலாம். நானும் வெகு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அவன் வந்துவிட்டால் நீ அவன் பிள்ளையாகிவிடுவாய், என்னைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவாய் என்ற பயம் அன்றைக்கு என் மனசில் இருந்ததா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். தீர்ப்புச் சொன்னபோது என் மனசில் ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆனால் சோறு போட்டோம் என்று எழுதினேன் அல்லவா, அதை முழுசாக எழுதவில்லை. பசியோடு யாரையும் அனுப்பக் கூடாது என்று, உன் அம்மாவை உள்ளறைக்குப் போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, கொல்லைப்புறம் இலை போட்டு அவனை உட்கார வைத்தோம். உன் பெரியம்மா சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், கத்தரிக்காய்க் கறி இருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குனிந்தாள். நான் தூணில் சாய்ந்துகொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். "அவனுக்குக் கத்தரிக்காய் வக்காத, ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயிரும்" என்றேன்.

உன் பெரியம்மா கரண்டியைப் பிடித்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனும் பார்த்தான். அவள் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, மோர் எடுத்துவந்து ஊற்றினாள். அவன் குனிந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தான். நான் அவனைப் போகவிட்டேன்.